அதே கதைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான, தேவதைக் கதைகளைப் பெரியவர்களுக்காகத் திருப்பி எழுதும் ஆங்கிலக் கவிதைகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டனுக்கு நம் பத்திரிகையில் நான்கு பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால், குழந்தைக் கதைகளுக்குள் இந்தக் கவிஞர்கள் ரத்தத்தையும் வன்மத்தையும் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள் என்று கட்டுரையாளர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. ரத்தம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரக்கோல் தேவதையும் பூசணிக்காய் வண்டியும் அதில் கிடையாது. அவை 1697இல் வந்த பிரெஞ்சுக்காரர் பெரோவின் கதையைச் சேர்ந்தவை. கிரிம் கதையில் இருப்பது செத்துப்போன அம்மாவின் கல்லறை, அதன்மேல் ஒரு மரம், மரத்தில் ஒரு வெள்ளைப் பறவை. செருப்பு நுழையவில்லை என்றதும் சித்தி தன் மூத்த மகளிடம் கத்தியை நீட்டி, "பெருவிரலை வெட்டிக்கொள், ராணியாகிவிட்டால் நீ நடக்கவே வேண்டாம்" என்கிறாள். அடுத்தவளுக்குக் குதிகால் போகிறது. கடைசியில் புறாக்கள் இருவர் கண்களையும் கொத்துகின்றன. செக்ஸ்டன் இதில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை.

உண்மையில் கதையை மாற்றியவர்கள் கிரிம் சகோதரர்கள்தான். 1812இல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவளைச் சித்தியாக்கிவிட்டார்கள். அதே முதல் பதிப்பில், கிழவி ஒருத்தி கோபுரத்தில் அடைத்துவைத்த ராப்பன்சல், இளவரசன் ரகசியமாக வந்துபோன பிறகு, "என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிக்கொண்டே போகிறது?" என்று கிழவியிடம் கேட்டு மாட்டிக்கொள்கிறாள். காரணம் எந்தப் பெண்ணுக்கும் புரியும். பிற்பாடு அந்த வரி போய், என் கூந்தலைப் பிடித்து ஏறிவரும் இளவரசனைவிட நீ கனமாக இருக்கிறாயே என்று அவள் கிழவியிடம் உளறுவதாக ஆகிவிட்டது. குழந்தைகளுக்கென்று 50 கதைகளைப் பொறுக்கிச் சிறு பதிப்பு போட்டது 1825இல். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பூச்சு. அந்தப் பூச்சைச் சுரண்டியவர்களைப் பார்த்து, சுவரைக் கெடுத்துவிட்டார்கள் என்றால் எப்படி?

அப்படியென்றால் செக்ஸ்டன் என்னதான் செய்தார்? கதை சொல்லும் ஆளை மாற்றினார். 1971இல் வந்த அவருடைய 'டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' தொகுப்பில் 17 கவிதைகள். தொடக்கத்திலேயே, பேசுவது நடுவயதுச் சூனியக்காரி ஒருத்தி, அது நான்தான் என்று சொல்லிவிடுகிறார். சிண்ட்ரெல்லா கவிதை அரண்மனையில் தொடங்கவில்லை. பன்னிரண்டு பிள்ளை பெற்ற ஒரு பிளம்பருக்கு லாட்டரி விழுந்ததில் தொடங்குகிறது. அடுத்து முதலாளி மகனைக் கட்டிக்கொண்ட ஆயா, அப்புறம் ரியல் எஸ்டேட்டில் பணம் பார்த்த பால்காரர். ஒவ்வொருவர் முடிந்ததும், இது அந்தக் கதைதானே என்று ஒரு அலுப்பு. ஒவ்வொரு காலிலும் செருப்பை மாட்டிப் பார்த்து இளவரசனுக்கே தான் செருப்புக்கடை ஆள் ஆகிவிட்டோமோ என்று தோன்றிவிடுகிறது. சாம்பலில் கொட்டிய பருப்பை ஒரு மணி நேரத்தில் பொறுக்கி எடு என்று சித்தி சொல்லும் இடமும் வருகிறது. கூட்டுக் குடும்பத்தில் முறத்தோடு உட்கார்ந்து துவரம்பருப்பில் கல் பொறுக்கியவள் நான். எனக்கு எந்தப் பறவையும் வரவில்லை.

என் பேத்திக்குப் படக் கதையாக சிண்ட்ரெல்லா வாசித்தபோது, "இருவரும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்" என்று புத்தகத்தை மூடினேன். "அப்புறம்?" என்றாள். ஐந்து வயது. செக்ஸ்டனின் கடைசி வரிகள் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. இருவரும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பொம்மைகளாக இருக்கிறார்கள். குழந்தைத் துணி மாற்ற வேண்டாம், தூசி தட்ட வேண்டாம், முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று சண்டை போட வேண்டாம். இடுப்பும் பெருக்காது. சிரிப்பை ஒட்டிவைத்தாயிற்று. பேத்தியிடம் இதைச் சொல்லவில்லை, "தூங்கு" என்றேன்.

செக்ஸ்டனின் தூங்கும் அழகி கவிதையைப் பற்றிக் கட்டுரை பேசாமல் போனது ஏமாற்றம். விழித்த பிறகு தூக்க மருந்து இல்லாமல் தூங்க முடியாதவள் அவள். இருட்டில் கட்டிலருகே குனிபவன் இளவரசன் அல்ல, அப்பா. பெரியவர்களுக்கான கவிதை என்று சொல்வது இதனால்தான், கெட்ட வார்த்தை இருப்பதால் அல்ல. குழந்தை எழுத்தாளர் ரோல்ட் டாலின் 1982 பாட்டுகளை இதோடு சேர்த்து ஒரே பட்டியலில் போட்டிருக்க வேண்டாம். அவை, ஓநாய்க் கதையில் வரும் சிவப்புத் தொப்பிக்காரி துப்பாக்கி எடுப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க எழுதியவை. நல்ல பாட்டுகள், ஆனால் வேறு சரக்கு.

பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் 'தி வேர்ல்ட்ஸ் வைஃப்' (1999) தொகுப்பின் பெயரைக் கட்டுரையில் 'உலகத்தின் மனைவி' என்று போட்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் கிண்டல் போய்விட்டது. ஊரே திரண்டு வந்தது என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் 'உலகமும் அவன் மனைவியும்' வந்ததாக ஒரு பேச்சு உண்டு. டஃபி அந்த 'அவனை' எடுத்துவிட்டு மனைவியைப் பேசவிடுகிறார். முதல் கவிதையில் சிவப்புத் தொப்பிக்காரிக்கு வயது பதினாறு, ஓநாய் ஒரு கவிஞன். தன் கவிதையைத் தானே இழுத்து இழுத்துப் படிக்கிறது, தாடியில் சிவப்பு ஒயின் கறை. (இப்படி ஓநாய்களை நம் இலக்கியக் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன், விடுங்கள்.) பத்து வருஷம் காட்டில் இருந்த பிறகு, அது ஒரே பாட்டைத்தான் ஊளையிடுகிறது என்று அவளுக்குப் புரிகிறது. பழைய கதையைப் போலக் காப்பாற்ற வேட்டைக்காரன் வரவில்லை, கோடரி அவள் கையிலேயே இருக்கிறது. ஓநாயின் வயிற்றுக்குள் பாட்டியின் எலும்புகள். அதில் கல்லை அடைத்துத் தைக்கிறாள். கல் அடைப்பது டஃபியின் கற்பனை அல்ல, கிரிம் கதையிலும் கல் கொண்டுவருபவள் அந்தச் சிறுமிதான். அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளூக்கின் கவிதையில் வரும், 'ஹான்சலும் கிரெட்டலும்' கதையின் கிரெட்டலும் இப்படித்தான். சூனியக்காரியை அடுப்பில் தள்ளிவிட்டு வீடு திரும்பிய பிறகும் அவளுக்குக் காடும் நெருப்பும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணன் ஹான்சல் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறான்.

இவையெல்லாம் பேச்சிலேயே நிற்கும் கவிதைகள். அதனால்தான் மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. செக்ஸ்டன் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த அலுப்பு வரியைக் கட்டுரையில் 'இதுவே அந்தக் கதையாகும்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். எந்தச் சூனியக்காரி 'ஆகும்' போட்டுப் பேசுவாள்? 'அதே கதைதான்' என்று போட்டிருந்தால் பாதிக் கவிதை வந்திருக்கும்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து சிண்ட்ரெல்லா கவிதையை முழுதாகத் தமிழில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து அவர்களிடம் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி