கை லிஃப்ட் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரீஷியன்கள், பெயின்டர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "கை லிஃப்ட் கேட்டால் பயிற்சி, பயிற்சி என்று அலையவிடுகிறார்கள், எல்லாம் காசு பார்க்கிற வேலை" என்கிறது அது. பலர் போன் செய்து நேராகவே கேட்டுவிட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்காமல் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதலில் காசு விஷயம். கை லிஃப்ட் என்பது கைப்பிடியைச் சுற்றி, ஓர் ஆள் தட்டில் நின்று மேலே ஏறும் சின்ன தள்ளு லிஃப்ட். அதில் பழக்கிவிடுவதற்கு இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இனியும் வாங்கப்போவதில்லை. பழைய பில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வாடகை, வண்டிக் கூலி, ஜிஎஸ்டி, திருப்பித் தரும் டெபாசிட், அவ்வளவுதான் இருக்கும். பயிற்சிக்குக் காசு என்று சொன்னதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் குரல் பதிவுக்குக் காரணமான அன்று நடந்தது இது. ஒரு கான்ட்ராக்டரோடு லிஃப்ட் எடுக்க வந்த தம்பியிடம், ஒரு தடவை ஏறிக் காட்டுங்கள் என்றோம். கைப்பிடியை நன்றாகத்தான் சுற்றினார். இறங்கி வந்ததும் குடோனில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கித் தட்டின் மேல் வைத்து, "சீலிங் எட்டாதுங்கண்ணா, இப்படித்தான் செய்வோம்" என்றார். வேலை எங்கே என்று கேட்டால், வாசல் போர்டிகோவில், சாய்வுத் தரையில். லிஃப்ட் தரவில்லை, சாரம் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். அந்தக் கான்ட்ராக்டருக்கு ஒரு நாள் வேலை கெட்டது, அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்தத் தம்பியை அப்படியே ஏற்றி அனுப்ப எங்களால் முடியாது.

இதில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. சுற்றினால் ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். இதற்கு என்ன பயிற்சி என்று தோன்றுவது இதனால்தான். தட்டு மேலே போனதும் சக்கரங்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும், சரி. தரை சமமாக இருக்கிறதா, கீழே டிரெய்னேஜ் மூடி ஏதும் வருகிறதா என்று ஆள்தான் பார்க்க வேண்டும். தட்டு ஏறும் உச்சமான 2.2 மீட்டரில் நின்று பக்கச் சுவரில் டிரில்லை அழுத்தினால், அதே விசை ஆளையும் லிஃப்ட்டையும் பின்னால் தள்ளும். இது தாங்கும் எடை 150 கிலோ என்றால் ஆள், டூல்ஸ் பை, ஃபிட்டிங் பெட்டி எல்லாம் சேர்த்து 150. ஏறுவதும் ஒருவர் மட்டும்தான். 20 லிட்டர் பெயின்ட் வாளியே 25 கிலோவுக்கு மேல் வரும். காற்றடிக்கும் வெளி இடத்துக்கு இந்த லிஃப்ட் ஆகவே ஆகாது.

"எங்க பையன்கிட்ட ஐபாஃப் கார்டு இருக்கே" என்று சிலர் கேட்டீர்கள். உயரத்தில் வேலை செய்யும் லிஃப்ட்டுகளில் பயிற்சி முடித்தவர்களுக்கு ஐபாஃப் என்ற சர்வதேச அமைப்பின் பெயரில் தரும் கார்டு அது. நல்ல கார்டுதான், 5 வருடம் செல்லும். ஆனால் வகை பிரித்துத்தான் தருகிறார்கள். 3ஏ என்றால் சிசர் லிஃப்ட் போல ஓட்டிக்கொண்டு நேராக ஏறுபவை, 3பி என்றால் நீண்ட கை உள்ள பூம் லிஃப்ட். தள்ளிக்கொண்டு போகிற சின்ன லிஃப்ட்டுக்குத் தனி வகை இருக்கிறது. எந்தக் கார்டு வைத்திருந்தாலும், கையில் கொடுக்கும் மாடலை ஒரு தடவை காட்டிக் கொடுப்பதுதான் முறை. கூட வரும் உதவியாளரும் பழக வேண்டும். மேலே நிற்பவருக்கு மயக்கம் வந்தால் கீழே இருப்பவர்தானே பார்க்க வேண்டும்?

பழக்கிவிட்டுக்கொண்டிருந்த நம் கடைத் தம்பி துபாய் போய்விட்டார். நினைத்த நேரத்தில் வந்து பழக முடியாமல் போனது அதனால்தான். சிரமத்தைப் பொறுத்துக்கொண்ட மில் மெயின்டனன்ஸ்காரர்களுக்கும், தன் ஆட்கள் எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து பழக வைத்த ஏசி மெக்கானிக் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இருக்கும் தைரியத்தில்தான் இந்தக் கடை நடக்கிறது.

இனி புதன், சனி காலை 8 முதல் 10 வரை குடோனில் பழகலாம். ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். பழகியவர் பெயர் நம் நோட்டில் ஏறிவிடும், அடுத்த தடவை நேராக வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அப்புறம், ஆட்களை ஷூ போட்டு அனுப்புங்கள். செருப்போடு வந்தால் ஏற்ற மாட்டோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
சிங்காநல்லூர், கோவை