அம்மணிக்கு, அந்த ஸ்டியரிங் ஹோஸ் விஷயமா

அம்மணி,

உங்க லாரியில பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகுதுன்னு நீ அனுப்புன வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். சாயங்காலம் ஆனா இங்க கோத்தகிரி பக்கம் அரவேனுல மழையும் மூடுபனியுமா இருக்குது, டவர் ஒழுங்கா கிடைக்கறதில்ல, போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் உக்காந்து எழுதறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், பட்டறைக்குப் போறப்ப மெக்கானிக்குக்கும் காட்டு.

ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டறத மொதல்ல நிறுத்துங்க. கேன் வண்டியிலயே இருக்குதுப்பா, கொறைஞ்சா ஊத்திக்கறோம்னு நீ சொன்னதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ஓசூர்ல இருந்து சேலம் வரைக்கும் ரோடு பெரும்பாலும் நேரா கெடக்குது, அங்க ஸ்டியரிங்குக்குப் பெருசா வேலை கெடையாது, ஆயில் சும்மா சுத்தி டேங்குக்கே வந்துரும், பிரஷர் ரொம்பக் கம்மி. மலை அடிவாரத்துக் கல்லார் தாண்டி லோடோட மெதுவா ஏறி ஒரு கொண்டை ஊசில ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கறோம் பாரு, அப்பத்தான் பம்பு முழு பிரஷரையும் குடுக்கும். லாரி டயருக்கு நூத்துச் சொச்சம் பிஎஸ்ஐ காத்து அடிக்கறோம்ல, அந்த நேரத்துல பம்புல இருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்கு ஆயில் கொண்டுபோற இந்த ஹோஸுக்குள்ள ஆயிரத்துக்கும் மேல போகும். கீழ சொட்டு சொட்டா கசியற ஜாயிண்டு மேல வந்தா பீச்சி அடிக்கும். மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டுல 14 கொண்டை ஊசி, ஒண்ணு விடாம எல்லாத்துலயும் அந்த ஜாயிண்டு அடி வாங்கும்.

ஆயில் தீந்தா ஸ்டியரிங் திரும்பவே திரும்பாதுன்னு இல்ல, திரும்பும், ஆனா லோடு வண்டி கல்லு மாதிரி கனக்கும், எதிர்ல பஸ் வர்றப்ப, இந்தப் பக்கம் பள்ளம் இருக்கறப்ப, அந்தக் கனத்தோட ஒடிக்கறது உன்னாலயும் முடியாது மாப்பிள்ளையாலயும் முடியாது. பம்பும் காஞ்சு ஓடி கெட்டுப்போகும். ஒழுகற ஆயில் சூடா இருக்கற எக்ஸாஸ்ட் மேல விழுந்தா தீயே புடிக்கலாம். இத்தன இருக்குது கண்ணு.

இன்னொண்ணு, மாப்பிள்ளை இஞ்சின் ஓடறப்பவே கைய விட்டு எங்க ஒழுகுதுன்னு தடவிப் பாக்கறாரு வீடியோவுல. அத மட்டும் இனிமே செய்ய வேண்டாம்னு சொல்லு, நான் சொன்னேன்னே சொல்லு. ஊசி ஓட்டை மாதிரி ஒரு சின்ன ஓட்டையில இருந்து அந்தப் பிரஷர்ல ஆயில் வந்தா தோலக் கிழிச்சுட்டு உள்ள போயிரும், வெளிய பாத்தா கொசு கடிச்ச அளவுக்குத்தான் தெரியும், உள்ள சதை அழுகி விரலையே எடுக்கற நெலமை வரும். அப்படி எதாச்சும் பட்டுருச்சுன்னா வலி இல்லேன்னாலும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். பாக்கணும்னா ஒரு அட்டைய நீட்டிப் பாக்கட்டும், அட்டையில ஈரம் பட்டா தெரிஞ்சுரும்.

சரி, கண்டுபுடிக்கறது. நீ காட்டுன எடத்துல எல்லாமே கருப்பா அப்பிக் கெடக்குது, அதுல ஒண்ணும் தெரியாது. ஆயில் மேல எங்கயோ கசிஞ்சு பைப் வழியா எறங்கி அடியில வந்து சொட்டும், சொட்டற எடத்தயே புடிச்சுட்டு நின்னா வேலைக்கு ஆகாது. இஞ்சின் ஆறட்டும், டீசலும் பிரஷ்ஷும் வெச்சு பம்புல இருந்து ஸ்டியரிங் பாக்ஸ் வரைக்கும் கழுவுங்க, வேஸ்ட் காட்டன்ல நல்லா தொடைச்சு டீசல் வாசனை போற வரைக்கும் காய விடுங்க. அப்பறம் ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் மிதிக்காம ஐடில்ல விட்டு ஒருத்தரு மெதுவா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடிக்கட்டும், இன்னொருத்தரு டார்ச் அடிச்சு தள்ளி நின்னு பாக்கட்டும். கடைசில கொண்டுபோயி அப்படியே அமுக்கிப் புடிச்சுட்டு இருக்கக்கூடாது, ஆயில் கொதிச்சு பம்பு அடி வாங்கும், தொட்ட உடனே விட்டுரணும்.

வீடியோவப் பாத்தவரைக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கு வர்ற பிரஷர் ஹோஸோட பேஞ்சோ போல்ட்டுலதான், அதாவது பைப் முனையில இருக்கற வளையத்த பாக்ஸோட சேத்து மாட்டற போல்ட்டுலதான், கசியுதுன்னு எனக்குத் தோணுது. அதுல ரெண்டு காப்பர் வாஷர் இருக்கும், பைப்போட அந்த வளையக் கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு. ஆயில நிறுத்தறதே அந்த ரெண்டுந்தான், மரையில்ல. அந்தப் பட்டறைக்காரரு ஸ்பேனர் பிடியில நீளமா ஒரு இரும்புப் பைப்ப மாட்டி இன்னும் முறுக்கிவிட்டா நின்னுரும்னு சொன்னாருன்னு எழுதியிருந்த, ஒரு தடவ அமுங்கி கெட்டியாயிட்ட காப்பர் எத்தன முறுக்கினாலும் இனி அமுங்காது, போல்ட்டு நடுவுல ஓட்டையா இருக்கறது, அது முறிஞ்சு பாதி உள்ளயே நின்னுக்கும், அப்பறம் பாக்ஸயே எறக்கணும். டெஃப்லான் டேப்பும் சுத்த விடாத, அங்க அது ஒரு புண்ணியமும் பண்ணாது, பிசிறு பிஞ்சு உள்ள போயி வால்வுல மாட்டும். எம்சீல் பேச்சே வேண்டாம்.

வண்டிய சமமான தரையில நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை குடுத்து, இஞ்சின் ஆஃப் பண்ணிட்டு, அடியில ஒரு தட்டு வெச்சுட்டுக் கழட்டச் சொல்லு. ரிங் ஸ்பேனர்தான் போடணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா தலை மழுங்கிரும். பழைய வாஷர எடுத்து கையில வெச்சுப் பாரு, வட்டமா பள்ளம் விழுந்திருக்கும், ஒரு எடத்துல மட்டும் அந்தப் பள்ளம் வெட்டுப்பட்டு கோடு குறுக்கால போயிருந்தா ஆயில் வந்த வழி அதுதான். பாக்ஸுல வாஷர் உக்கார்ற மொகத்தயும் பைப்போட ரெண்டு மொகத்தயும் நல்லா தொடைச்சுட்டு நகத்த வெச்சு இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா அங்க கீறல் இருக்குது, புது வாஷர் போட்டாலும் திரும்பக் கசியும். வாஷர் அதே அளவுல புதுசு வாங்குங்க, பழசக் கொண்டுபோயி வெச்சுப் பாத்து வாங்கணும். வழியில அவசரம்னா பழசயே செவக்கக் காய்ச்சி தண்ணில போட்டா மெதுவாகும், ஆனா அது ஊரு போய்ச் சேர்ற வரைக்குந்தான்.

போல்ட்ட மொதல்ல கையிலயே பாதிக்கு மேல ஏத்தணும், கையில ஏறலேன்னா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம். ஹோஸ் முறுக்கிக்காம, சேஸ்ல எங்கயும் உரசாம இருக்கற மாதிரி நேரா வெச்சுட்டு மேனுவல்ல போட்டிருக்கற டார்க்குக்கு, அதாவது இறுக்கற அளவுக்கு, டைட் பண்ணச் சொல்லு. நெறைய வண்டில ஜாயிண்டு இப்படி அடிக்கடி விட்டுக்கறதுக்குக் காரணமே ஹோஸப் புடிச்சிருக்கற கிளாம்ப் போயி ஹோஸ் ஆடறதுதான், அத யாரும் பாக்கறதில்ல.

ஒருவேள கழுவிப் பாத்தா போல்ட்டுல இல்லாம ரப்பரும் இரும்புக் காலரும் சேர்ற எடத்துல ஈரம் வந்துச்சுன்னா வாஷர் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஹோஸ்தான் மாத்தணும். கிளிப் போட்டு இறுக்கறதெல்லாம் ஆயில டேங்குக்குத் திருப்பிக் கொண்டுபோற ரிட்டர்ன் ஹோஸுக்கு சரி, பிரஷர் ஹோஸுக்கு ஆகாது. ஓசூர் கம்பெனிக இருக்கற ஊருதான, ஹைட்ராலிக் ஹோஸ் முனையில காலர மெஷின்ல அமுக்கி கிரிம்ப் பண்ற கடையில பழைய ஹோஸ அப்படியே குடுத்து, அதே நீளம், ரெண்டு முனையும் அதே திருப்பம், பிரஷர் தாங்கற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க.

ஆயில் எதுன்னு டேங்க் மூடியிலயோ மேனுவல்லயோ பாத்து அதயே ஊத்துங்க, நம்ம லாரிகள்ல நெறைய வண்டிக்கு சிவப்பா இருக்கற ஏடிஎஃப்தான், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற ஆயில். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கூடாது, சீல் எல்லாம் ஊதிப்போகும். ஊத்துன ஒடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. முன்னாடி ஜாக்கி போட்டு ஸ்டாண்டு குடுத்து, இஞ்சின் ஆஃப்லயே கடைசிக்குக் கடைசி ஒடிச்சு ஒடிச்சு, டேங்க்ல கொறையக் கொறைய ஊத்திட்டே வரணும். குமிழி நின்னப்பறம் ஸ்டார்ட் பண்ணி மறுபடி மெதுவா ஒடிங்க. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்து நுரையா இருந்தா, பம்பு ஊஊன்னு கத்துனா, உள்ள இன்னும் காத்து இருக்குது, ஆஃப் பண்ணி ஆற விட்டு திரும்பச் செய்யணும்.

மே மாசம் ஊட்டி மலர் கண்காட்சிக்கு முன்னாடி ரோஜாத் தொட்டி ஏத்திட்டு வர்றதா சொன்னீங்க. சீசன்ல பெரும்பாலும் ஏறறதுக்குக் குன்னூர் ரோடு, எறங்கறதுக்குக் கோத்தகிரி ரோடுன்னு மாத்தி விட்டுருவாங்க, ரெண்டு பக்கமும் வண்டி நகந்து நகந்துதான் போகும், பாதி வழியில பானட்டத் தூக்கிட்டு நிக்க எடம் இருக்காது. அதனால வேலை முடிஞ்சதும் அங்கயே லோடு போட்டு லோக்கல்ல கொஞ்ச நாள் ஓட்டுங்க, தினமும் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஜாயிண்ட காஞ்ச துணியில தொடைச்சுப் பாருங்க. துணி காஞ்சே வந்தா சரி.

காப்பர் வாஷர் நாலு சேத்து வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டு வையி. அம்மா கேட்டதாச் சொல்லச் சொன்னா, ராத்திரி வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்றா, நானும் அதத்தான் சொல்றேன். ஜாயிண்ட கழுவுனப்பறம் ஒரு போட்டோ, மாட்டுனப்பறம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு எந்த நாள் கெளம்பலாம்னு சொல்றேன்.

அப்பா