பாலத்துக்கு மேலே ஆள் இருக்கிறது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நம் எல்ல பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் நடு வளைவுக்குள் ஹண்டர் என்ற பழைய பிரித்தானியப் போர் ஜெட் ஒன்று புகுந்து மறுபக்கம் பாய்கிறது. கணினியில் நன்றாகத்தான் செய்திருக்கிறாய். கீழே "மாமா, நிஜத்தில் முடியுமா?" என்று கேட்டிருந்தாய். உன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இந்த ஆசை இருப்பதால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முடியாது. 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தின் மொத்த நீளமே சுமார் 91 மீட்டர். அதற்குள் ஒன்பது வளைவுகள், நடுவே பருத்த கல் தூண்கள். ஒரு வளைவின் வாய் 10 மீட்டரைத் தொடாது. ஹண்டரின் ஒரு இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 10.26 மீட்டர். பாலம் 24 மீட்டர் உயரமாக இருந்து என்ன பயன்? சரித்துப் பறந்தால் என்ன என்று அடுத்துக் கேட்பாய். தெமோதரைப் பக்கம் அந்தப் பள்ளம் எவ்வளவு ஒடுக்கமானது என்று உனக்கே தெரியும். நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகிற விமானம் நேராக வந்து நேராக வெளியேற அங்கே இடம் இல்லை.

சரி, ஹண்டரை நீ ஏன் தேர்ந்தாய் என்று புரிகிறது. 1968 ஏப்ரல் 5ஆம் தேதி ஆலன் பொல்லொக் என்ற பிரித்தானிய விமானி லண்டனின் டவர் பிரிட்ஜுக்குள் ஓட்டிப் போனது அதைத்தான். மேலே இருக்கும் நடைபாதைக்கும் கீழே இருக்கும் சாலைக்கும் இடையே நுழைந்தார். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 61 மீட்டர் இருந்ததால் அகலம் பிரச்சினை இல்லை. காரணம்தான் என்னை உலுக்கியது. பிரித்தானிய விமானப்படைக்கு அந்த ஏப்ரலில் 50 வயது. லண்டன் வானில் ஒரு மரியாதை அணிவகுப்புக்கூட நடத்தவில்லை. விமானப்படையை நாடு மறந்துவிட்டது என்ற கோபத்தில், முதலில் பாராளுமன்றத்தை மூன்று முறை சுற்றினார், அப்புறம் தேம்ஸ் நதி வழியே கிழக்கே திரும்பியபோது பாலம் எதிரே வந்தது.

மறக்கப்பட்டவர்களின் கோபம் நமக்கு அந்நியமா? இந்தியாவிலிருந்து மலையகத்தார் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவூட்ட 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள் அல்லவா? பொல்லொக்கின் மனது எனக்குப் புரிகிறது. விசாரணை மன்றத்தில் நிறுத்தியிருந்தால் தன் காரணத்தை அவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அதற்கு இடம் வைக்காமல், உடல்நலக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் பாய்ந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு சிவப்பு இரட்டைத் தட்டு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பாரிஸிலும் இதே கதைதான். முதலாம் உலகப் போர் முடிந்து 1919 ஜூலை 14 அன்று நடந்த வெற்றி அணிவகுப்பில் விமானிகளும் மற்றவர்களைப் போலத் தரையில் நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அவர்களுக்கு மானம் போனது மாதிரி ஆகிவிட்டது. பாரிஸின் பெரிய கல் வாயிலான வெற்றி வளைவுக்குள் பறந்து காட்டுவது என்று முடிவெடுத்து, ஜான் நவார் என்ற புகழ்பெற்ற வீரரைத் தேர்ந்தார்கள். அவர் பயிற்சியிலேயே விழுந்து ஜூலை 10 அன்று இறந்தார். ஆகஸ்ட் 7 காலை ஷார்ல் கொட்ஃப்ருவா அதைச் செய்து முடித்தார். வளைவின் அகலம் 14.6 மீட்டர், அவருடைய நியூபோர்ட் விமானத்தின் இறக்கை 8 மீட்டரைச் சற்றே தாண்டும். துணிச்சல்தான், மறுக்கமாட்டேன். கீழே நின்ற சனங்களுக்கோ குலை நடுங்கியது.

இந்த இரண்டு பாய்ச்சலும் நல்லபடி முடிந்ததால்தான் நாம் ரசிக்கிறோம். இத்தாலியின் கவலேசேயில் 1998 பிப்ரவரி 3 அன்று ஒரு அமெரிக்கப் போர் விமானம், 600 மீட்டருக்கு மேலேயே பறக்க வேண்டிய பள்ளத்தாக்கில் சுமார் 110 மீட்டரில் போய், தொங்கு வண்டியின் கம்பியை அறுத்தது. வண்டியில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். விமானி பத்திரமாகத் தரையிறங்கினார். அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையும் ஆனார். பறக்கும்போது எடுத்த வீடியோ நாடாவை அழித்ததற்காகத்தான் படையிலிருந்து நீக்கினார்கள்.

உன் வீடியோவில் பாலம் வெறுமையாக இருக்கிறது. நம் பாலம் ஒருநாளும் அப்படி இல்லை. கோச்சி (ரயில்) போன பிறகு தண்டவாளத்தோடு தோட்டத்துச் சனம் நடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும், படம் எடுக்க வந்தவர்கள் நிற்பார்கள், இளநீர் விற்பவரும் இருப்பார். துணிச்சலை அளக்கும்போது பணயம் வைத்தது யாருடைய உயிர் என்று முதலில் பார்.

நம் மலைகள் தாழப் பறப்பவரை மன்னிப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியவேண்டும். 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவிலிருந்து வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். கொழும்பு நெருங்கிவிட்டது என்று நம்பி முன்கூட்டியே இறங்கியிருந்தார்கள். அதன் சக்கரம் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் விழுந்த விமானப்படையின் வை-12 விமானத்தை நீயே அறிவாய், நான்கு பேர் போனார்கள்.

இருந்தும் தாழப் பறக்கவேண்டிய நேரம் வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்து பாதைகள் அறுந்தபோது, தோட்டத்து லயன் வீடுகளில் அகப்பட்டவர்களுக்கு ஹெலிகொப்டர்தான் வழி. மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருக்கும், மின் கம்பி எங்கே போகிறது என்று மழையில் தெரியாது, அதற்குக் கீழே இறங்கித்தான் ஆளை ஏற்றவேண்டும். நவம்பர் 30 அன்று லுணுவிலையில் நிவாரணப் பணிக்குப் போன பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி இறந்தார். நான் கையெடுத்துக் கும்பிடுவது இந்த மாதிரி விமானிகளை.

நீ விமானியாக வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. உயர்தரத்தில் கணிதத்தையும் பௌதிகவியலையும் விடாதே. ஆங்கிலத்துக்கு இந்த விடுமுறையிலேயே ஆள் பார்ப்போம். அக்காவிடம் நான் பேசுகிறேன், அவள் பயப்படுவது நியாயம்தான்.

அன்புடன்
மாமா