படத்துக்கு நிலையான பெயர் கொடுங்கள்: வேலூர் வட்டாரத் தள நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கோட்டை, கோயில், நடுகல் என்று அலைந்து படமெடுத்து இணையதளம் நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலரைப் போல நானும் ஹ்யூகோ (Hugo) என்ற, இணையதளப் பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருளில்தான் தளம் கட்டியிருக்கிறேன். போன மாதம், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண் படங்கள் மங்கலாகத் தெரிகின்றனவே என்று அதன் அமைப்பில் சுருக்கிய படத்தின் தரத்தை 75-லிருந்து 85-க்கு ஏற்றினேன். ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். மறுநாள் ஓர் ஆசிரியை கூப்பிட்டார்: "சார், பிள்ளைங்களுக்கு அனுப்பின பாடத்துல ஒரு படமும் வரலை." என் படங்களின் முகவரியை அப்படியே எடுத்து அவர் பாடத்தில் சேர்த்திருந்தார். அத்தனையும் செல்லாமல் போயிருந்தன.

காரணம் இதுதான். நாம் 'யாளி-தூண்' என்று பெயர் வைத்த படத்தைச் சுருக்கும்போது, ஹ்யூகோ அந்தப் பெயரோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறியீட்டை (ஹேஷ்) ஒட்டுகிறது. மூலப்படம், அளவு, தரம் இவற்றில் எது மாறினாலும் குறியீடும் மாறும். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். பிரவுசர் பழைய படத்தையே சேமித்து வைத்துக் காட்டாமல் இருக்க இது வேண்டும். ஆனால் அது இயந்திரத்துக்கான பெயர். மனிதர்கள் எடுத்துப் பகிரும் படத்துக்கு அந்தப் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது.

வழி இருக்கிறது. ஹ்யூகோவின் 0.100 பதிப்பிலிருந்து 'ரிசோர்சஸ்.காப்பி' (resources.Copy) என்ற கட்டளை உண்டு. சுருக்கிய படத்தை நாம் சொல்லும் முகவரியில் அது வைத்துவிடும். தரத்தை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. இரண்டு படங்களுக்கு ஒரே முகவரி கொடுத்துவிடாதீர்கள், ஒன்று மற்றதை அழித்துவிடும். படமே வேறாகிவிட்டால் பெயரில் 2 என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்காமல்தான் சொல்கிறேன்: கோப்புப் பெயரை இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். 'கோட்டை' என்ற சொல் இணைய முகவரிக்குள் போனால் விழுக்காட்டுக் குறிகளோடு 54 எழுத்தாக நீள்கிறது. 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு கோப்பு. தமிழ்ப் பெயரைப் படத்தின் மாற்று உரையிலும் (alt text) விளக்கத்திலும் தாராளமாக எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படிப்பதும் மாற்று உரையைத்தான்.

அந்த ஆசிரியையின் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் புதியதற்குத் திருப்பிவிட எனக்கு மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. உங்கள் தளத்திலும் அடிக்கடி பகிரப்படும் படங்கள் குறைந்தது பத்து இருக்கும். முதலில் அவற்றுக்கு மட்டுமாவது செய்துவிடுங்கள். சிக்கல் வந்தால் சனிக்கிழமை மாலை கோட்டை மைதானத்துக்கு வாருங்கள், மடிக்கணினியோடு இருப்பேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து உங்களில் ஒருவன்