மாத்திரையைப் பாதியாக்காதே அம்மா

லீட்ஸ்,
மார்ச் 22, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தங்கச்சி பாப்பா முழுகாமல் இருக்கிறாள், மூணு மாசம் என்று படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அப்புறம்தான் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். 'தைராய்டு 11 என்று கூடிப்போயிருக்கிறது, மாத்திரை அதிகமாகிவிட்டது போல, பாதியாக உடைத்துப் போடுகிறேன்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அஞ்சு மாசமாகப் பதில் போடாதவள் இப்போது வந்து புத்தி சொல்கிறாளே என்று நினைக்காதே. நான் ஏன் எழுதவில்லை என்பதும் இதே விஷயம்தான். உன்னிடம் மறைத்தது தப்பு.

போன ஆடி மாசம் இங்கே எல்லாரும் வெயில் வெயில் என்று அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள். நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தேன். மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஏற்காட்டில் பிறந்தவளை இந்த ஊர்க் குளிர் என்ன செய்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? தலைமுடி சீப்போடு வந்தது. குரல் கரகரத்தது. சாப்பாடு குறைந்தும் உடம்பு கனத்தது. உனக்கு எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள அம்மா' என்பதோடு கை நின்றுவிடும். அப்படி நின்றுபோன காகிதங்கள் நாலு என் மேஜை டிராயரில் இருக்கின்றன. சோம்பேறியாகிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

செப்டம்பரில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டிஎஸ்எச் என்கிற அளவு 38. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கி மெல்ல மெல்ல முடக்குகிறதாம். ஹாஷிமோட்டோ என்று பெயர். 1912இல் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதிய ஜப்பான் டாக்டரின் பெயர் அது. வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். உன்னைச் சொன்னேன். அம்மாயி கழுத்தில் இருந்த வீக்கத்தையும் சொன்னேன்.

இனி எழுதுவதை ரெண்டு தடவை படி. அந்த 11 என்பது தைராய்டின் அளவு இல்லை, டிஎஸ்எச். நம் தோட்டத்தில் மேஸ்திரி எப்போது சத்தம் போடுவார்? பறிப்பு ஒழுங்காக நடந்தால் அவர் பாட்டுக்குப் பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். வேலை சுணங்கினால்தான் குரல் மேட்டுத் தோட்டம் வரைக்கும் கேட்கும். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதுதான் மேஸ்திரி. கழுத்தில் இருக்கிற தைராய்டு வேலையாள். டிஎஸ்எச் என்பது மேஸ்திரி போடுகிற சத்தம். சத்தம் கூடியிருக்கிறதென்றால் அங்கே வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். உனக்கு மாத்திரை போதவில்லை, இல்லாவிட்டால் போடுகிற மாத்திரை உடம்பில் சேரவில்லை. எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ பாதியாக்கினால் அந்த எண் இன்னும் ஏறத்தான் செய்யும்.

சேராமல் போவதை நானே பட்டிருக்கிறேன். முதலில் 50 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். நவம்பரில் எண் 17க்கு இறங்கியது, 75 ஆக்கினார்கள். ஜனவரியில் பார்த்தால் 15, அசையவே இல்லை. இன்னும் கூட்டுவார்கள் என்று நினைத்தேன். டாக்டரோ, 'எப்படிச் சாப்பிடுகிறாய், காலையில் எழுந்ததிலிருந்து சொல்' என்றார். காபி போட்டு, அந்தக் காபியிலேயே மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்குவேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காபியும் இரும்பும் மருந்தை உடம்பில் சேரவிடாதாம். தெரியாமல் அளவைக் கூட்டிவிட்டால், பிறகு நான் சரியாகச் சாப்பிடத் தொடங்கும்போது மருந்து மிஞ்சி நெஞ்சு படபடக்கும், நாளாவட்டத்தில் எலும்பும் தேயும் என்றார். அளவை மாற்றவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். போன வாரம் எண் 3.4. முடி கொட்டுவது நின்றிருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்.

எதிர் வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, விடியற்காலை ஆறு மணிக்கே ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறவர். என்னைத்தான் நோட்டம் விடுகிறார் என்று பயந்திருந்தேன். அவருக்கும் இதே மாத்திரைதானாம், முப்பது வருஷமாக. தலைமாட்டில் முட்டை வைக்கிற சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு மாத்திரை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இப்போது நானும் அதேபோல உட்காருகிறேன். இருட்டோடு ரெண்டு பேரும் கையசைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அந்த ஒரு முகம்தான்.

அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம் அம்மா. நீ அடுப்படியில் நம் தோட்டத்துக் காபிக்கொட்டையை வறுக்கிற வாசனை எங்கிருந்துதான் வருமோ, மூக்குக்கு வந்துவிடும். பூ மழை பெய்துவிட்டதா? செடியெல்லாம் வெள்ளையாகிவிட்டதா? கிணற்றோரத்துச் செடிகள்தானே எப்போதும் முதலில் பூக்கும்? இதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி. மருந்துச் செலவைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கிலாந்தில் தைராய்டு குறைவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விலக்குச் சான்றிதழ் தருகிறார்கள், காசு கிடையாது. முதியோர் இல்லத்து வேலைக்கு இப்போது வாரம் மூணு நாள்தான் போகிறேன், உடம்பு தேறட்டும் என்று. இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ மாற்றமாம்.

நீ இந்த வாரமே முதல் பஸ்ஸைப் பிடித்துச் சேலத்துக்கு இறங்கு. இருபது கொண்டை ஊசி வளைவு என்று சாக்குச் சொல்லாதே, தம்பி கூட வரட்டும். பாதியாக உடைத்துப் போட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். எப்போது சாப்பிடுகிறாய், எதோடு சாப்பிடுகிறாய் என்பதையும் சொல். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும். காபி அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான். முட்டிவலிக்குப் போடுகிற கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு மாற்று, ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் சரியாகத் தெரியாது. மாத்திரை டப்பாவை அடுப்பு மேலிருக்கிற அலமாரியிலிருந்து எடுத்துவிடு, சூடு ஆகாது.

பாப்பாவிடமும் இன்றைக்கே சொல். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தைராய்டு என்று அவளைப் பார்க்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டும். இன்னும் டிஎஸ்எச் பார்க்கவில்லையென்றால் உடனே பார்க்கச் சொல். இந்த முதல் மாசங்களில் குழந்தைக்கு அவளிடமிருந்துதான் தைராய்டு சுரப்பு போக வேண்டும். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடப் போகிறார், நீயே கேள்.

மேட்டுத் தோட்டத்தை ரிசார்ட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விடலாம் என்று தம்பி சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அவனுக்குக் கடன் இருப்பது தெரியும், அதற்கு வேறு வழி பார்ப்போம். அப்பா வைத்த சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இடம் கைமாறினால் முதலில் விழுவது அதுதான். பெரிய மாமாவை உட்காரவைத்துப் பேசாமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சேர்வராயன் தேருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். லீவு கிடைக்காது போலிருக்கிறது. வருகிற வருஷம் பார்க்கலாம்.

பட்டா நகலையும் உன் பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் ரெண்டையும் ஒரே கவரில் போட்டு அனுப்பு. டாக்டர் எத்தனை மைக்ரோகிராம் எழுதினார் என்பதை மேலேயே பெரிதாக எழுது.

உன்,
பெரியவள்