கிராம சபைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"சாதாரண ஜனங்கள் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டு உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது, அப்புறம் நம்மைச் சீண்ட ஆளில்லை என்று மனம் வெறுத்து எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் ஓட்டோடு நம் வேலை முடிகிறது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. மகளிர் குழுவில் இருக்கிறேன், அவ்வளவுதான். கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் பெண்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்பார்கள். எங்கள் மேட்டுத் தெருவில் ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். குழாய்க்குப் பக்கத்தில் எங்களை நிற்க வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் திட்டத்தின்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வர வேண்டும். எங்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பள்ளத் தெருவில் எல்லோரும் பிடித்து முடிக்கிற வரைக்கும் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அவர்கள் பிடித்து முடிக்கும்போது டேங்க் காலியாகிவிடும். இதில் பள்ளத் தெருக்காரர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டது நாங்களும் அவர்களும்தான்.

மகளிர் குழுக் கூட்டத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா எங்கள் குழுவில் இருக்கிறார். "இங்க புலம்பி என்னடி ஆகப்போவுது? கிராம சபைல சொல்லி, எழுத வைப்போம்" என்றார். அதுவரை கிராம சபை என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒரு நோட்டுதான். கூட்டம் முடிந்த பிறகோ அதற்கு முந்தியோ வீடு வீடாக யாராவது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள். எதற்கு என்று நாங்களும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. ஏன் வருகிறார்கள் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும். எங்களைப் போல 3,000 பேருக்கு மேல் 10,000 பேருக்குள் இருக்கிற ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் 200 பேர் வந்திருக்க வேண்டும். அந்த 200-ஐக் காட்டத்தான் நோட்டு வீட்டுக்கு வருகிறது.

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆளைத்தான் அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே போய் உட்காரலாம், நாமே கேட்கலாம். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை இது. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தில் வந்தது, 1994-ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் எழுதியிருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்கு நாள் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு நாளாகிவிட்டது. கோயில் வளாகத்தில் நடத்தக் கூடாது, ஒரே இடத்தில் நடத்தாமல் எல்லாக் குக்கிராமங்களிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்பதெல்லாம் அரசே சொல்லும் விதிமுறை. எங்கள் ஊரில் வருஷக்கணக்காக ஒரே இடத்தில்தான் நடந்தது.

நாங்கள் தெருவோடு கிளம்பிப் போன அந்த முதல் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே சாமியானா போட்டிருந்தார்கள். நாற்காலிகள் முன்வரிசையில் இருந்தவர்களுக்கு, தார்ப்பாய் எங்களுக்கு. வந்து உட்கார்ந்ததுமே நோட்டு கைமாறத் தொடங்கியது. தீர்மானம் ஒன்றுகூடப் படிக்கவில்லை. பெரியம்மா நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, முதல்ல தீர்மானத்தைப் படிங்க. அப்புறம் கையெழுத்துப் போடறோம்."

"வழக்கமா இப்படித்தான் பெரியம்மா..."

"வழக்கம் இருக்கட்டும்பா. நீ படி. கடைசித் தீர்மானத்துக்குக் கீழ ஒரு கோடும் இழுத்துடு."

அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்கு அன்றுதான் தெரிந்தது. தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரிக்குக் கீழே இடம் காலியாக இருந்தால், நாம் வீட்டுக்குப் போன பிறகு அதில் எதை வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம். கோடு இழுத்துவிட்டால் முடியாது. ஊராட்சிச் செயலர் இளவயதுப் பிள்ளை. முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்க ஆரம்பித்தார். படிவம் 30 என்று ஒன்று இருக்கிறது, ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு. அதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னோம். தெருவிளக்குக்கு இவ்வளவு, மோட்டார் பழுது பார்த்ததற்கு இவ்வளவு என்று படிக்கப் படிக்க, பின்னால் நின்றுகொண்டிருந்த ஆண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். "அந்த மோட்டார் எந்த மாசம் பழுதாச்சு?" என்று ஒருவர் கேட்டார். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்பது அன்றைக்குத் தீர்மானமாக ஏறியது. கோடும் இழுத்தார்கள்.

தீர்மானம் போட்டதும் தண்ணீர் வந்துவிடவில்லை. அதன் நகலைக் கேட்டு வாங்கி, எங்கள் தெருவின் குழாய் வேலைக்கான மதிப்பீட்டைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரவில்லை. அப்புறம் முதல் மேல்முறையீடு போட்டோம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகுதான் தாள்கள் வந்தன. அதில் எங்கள் தெரு முனையில் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வு ஒன்று போட்டிருப்பதாக இருந்தது. நாங்கள் போய்த் தேடிப் பார்த்தோம். மண்ணைக் கூடத் தோண்டிப் பார்த்தோம். இல்லை.

அடுத்த கிராம சபையில் அந்தத் தாளை நான்தான் வாசித்தேன். பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று எதையும் வாசித்ததில்லை. கை நடுங்கியது. ஆனால் கையில் இருந்தது அவர்களே முத்திரை வைத்துக் கொடுத்த தாள். வாயால் சொல்லியிருந்தால் "பார்க்கலாம்மா" என்று அனுப்பியிருப்பார்கள். வாசித்து முடித்ததும் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. பிறகு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள், வால்வு வந்தது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேட்டில் தண்ணீர் ஏறுகிறது. 55 லிட்டர் இன்னும் வரவில்லை. அதை விடப்போவதும் இல்லை.

அந்தப் பத்து ரூபாய் மனுவுக்குப் பின்னால் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள், தங்கள் பேரில் எழுதியிருக்கிற கூலி எவ்வளவு என்று பார்க்க வருகைப் பட்டியலின் நகலைக் கேட்டார்கள். 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அவர்களுடைய அமைப்பு 1994-லிருந்து ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தியது. பொதுவில் பட்டியலை வாசிப்பார்கள். வேலைக்கே போகாதவர் பேரில் கூலி போட்டிருந்தால் அவரே எழுந்து சொல்வார். 1996-ல் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். மாநில அளவில் முதன்முதலில், 1997-ல், தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டதும் நம் தமிழ்நாடுதான். அதில் விதிவிலக்குகள் அதிகம் என்றாலும் தொடக்கம் தொடக்கம்தான். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் வெயிலில் உட்கார்ந்து வாங்கித் தந்த உரிமையை, எழுதப் படிக்கத் தெரிந்த நாம் எடுத்துப் பயன்படுத்தாமல் இருக்கலாமா?

இதெல்லாம் குழாய்க்கும் தெருவிளக்குக்கும்தான் ஆகும், பெரிய விஷயத்துக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். மேலூர் மக்களைப் பாருங்கள். அரிட்டாபட்டியைச் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கும் மேலான நிலத்தில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. குடைவரைக் கோயிலும் சமணப் படுக்கையும் இருக்கிற மலை அது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். நவம்பர் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் அந்தப் பகுதி ஊர்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 சபைகள் கூடின, 12-ம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 ஆகஸ்டிலிருந்து கிராம சபை தவறாமல் தீர்மானம் போட்டு வருகிறார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஆனாலும் அந்த ஊர் சம்மதித்தது என்று நாளைக்கு யாராலும் எழுதிவிட முடியாது. எழுதியிருப்பதற்கு அந்த பலம் உண்டு.

பயமும் இருக்கத்தான் செய்கிறது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். தகவல் கேட்டதற்காக உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதனால்தான் நாங்கள் யாரும் தனியாகப் போவதில்லை. மனுவில் ஒருவர் பேர் இருந்தால் கொடுக்கப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர். கூட்டத்தில் ஒருவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். பள்ளத் தெருப் பெண்களும் இப்போது எங்களோடு வருகிறார்கள். முன்பு குடத்தோடு சண்டை போட்டவர்கள்தான். அந்த வாசகரிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: நம்பிக்கை வந்த பிறகு இறங்குவோம் என்று நாங்கள் காத்திருக்கவில்லை. இறங்கினோம், நாலு பேர் கூட வந்தார்கள், அதில் வந்த நம்பிக்கை இது.

இந்த நேரத்தில் அரசை ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைப் போட்டார்கள். ஒன்றியத்தில் இருக்கிற எல்லா ஊராட்சிக்கும் ஒரே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) என்றால் அவர் எத்தனை ஊரின் குழாயைப் பார்ப்பார்? பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் போட்டுவிட்டு, தேர்தலை வைக்காமல் இருந்தால் அந்தப் பாதி எங்கே போகும்? எங்கள் குழுவிலேயே வார்டுக்கு நிற்கத் தயாராக இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். ஆறு கிராம சபை நாட்களுக்கும் ஒரு வாரம் முன்பே முதல் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், படிவம் 30-ஐக் கேட்கலாம், தீர்மான நகல் வாங்கலாம், கடைசியில் கோடு இழுக்கச் சொல்லலாம் என்று நாலே வரி போதும். கடையில் கத்தரித்து ஒட்டி வைப்பேன். கூட்டம் முடிந்த மறுநாள், அமைச்சர் கலந்துகொண்ட ஊரை மட்டும் போடாமல், எந்த ஊரில் என்ன தீர்மானம் ஏறியது என்றும் போடுங்கள்.

வரும் கூட்டத்தில் எங்கள் ஊர் நூலகத்தைத் திறக்கச் சொல்லித் தீர்மானம் கேட்கப் போகிறோம். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய கட்டடம், பூட்டியே கிடக்கிறது. மனுவை எழுதியது பத்தாவது படிக்கிற ஒரு பெண். அவளுக்கு இன்னும் ஓட்டு இல்லை என்பதால் அவளுடைய சித்தி எழுந்து படிப்பார். அன்றைக்கு உங்கள் நிருபர் ஒருவர் வந்து எங்களோடு தார்ப்பாயில் உட்கார்ந்தால் மிகவும் சந்தோஷப்படுவோம். கூட்டம் காலை 11 மணிக்கு.

இப்படிக்கு,
ஆரணி வட்டாரத்து வாசகி ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்.