தம்பியை தனி செல்லுல போட்டாங்க, மாத்திரையை மாத்தல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சிறைக்கைதிகளோட ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்குற வைரஸ் நோய்), எச்ஐவி சிகிச்சை பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், மருந்து கிடைக்குதா இல்லையான்னு நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா அந்த மருந்தை முழுங்குறவனோட மனசு என்ன ஆகுதுன்னு ஒரு வரி கூட இல்லயேன்னு தான் இதை எழுதுறேன்.

என் தம்பி ஜெயில்ல இருந்தப்போ எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை குடுத்தாங்க. ராத்திரி போட்டுட்டு படுத்தா நடு ராத்திரில அலறிட்டு எந்திரிப்பான், பகல்ல யார் கிட்டயும் பேச மாட்டான், சாப்பாட்டை தள்ளி வெச்சிடுவான். நடிக்கிறான்னு சொல்லி தனி செல்லுல போட்டாங்க. பயங்கரமான கனவு, டிப்ரஷன் எல்லாம் அந்த மருந்தோட தெரிஞ்ச பக்க விளைவுன்னு எங்களுக்கு பின்னாடி தான் ஒரு டாக்டர் சொல்லி தெரிஞ்சுது. நோயாளிக்கு வர்ற கஷ்டத்தை ஒழுங்கு மீறல்னு எழுதிட்டா அப்புறம் அதை எந்த டாக்டர் பாப்பாரு? கைதிகளை எப்படி நடத்தணும்னு 2015ல ஐநா ஏத்துக்கிட்ட மண்டேலா விதிகள்ல 15 நாளுக்கு மேல தொடர்ந்து தனிமைல வெக்கக் கூடாது, மனநிலை பாதிச்சவங்களுக்கு அதனால இன்னும் மோசமாகும்னா தனிமையே கூடாதுன்னு இருக்கு. வெளில இருக்கறவங்களுக்கு என்ன தரத்துல வைத்தியமோ அதே தரம் உள்ளயும் வேணும்னும் அதுலயே இருக்கு.

ஹெபடைடிஸ் சி கதையும் இதே தான். முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசி, ஆளைப் பொறுத்து 24 வாரம், 48 வாரம்னு போகும், அதுவே தற்கொலை எண்ணம் வரைக்கும் கொண்டு போகும்னு பயந்து ஏற்கனவே மனநோய் இருக்கறவங்களுக்கு சிகிச்சையே வேணாம்னு ஒதுக்குனாங்க. 2013 கடைசில சோஃபோஸ்புவிர்ங்கற புது மருந்து வந்ததுக்கு அப்புறம் பெரும்பாலும் 8லேந்து 12 வாரம் மாத்திரை, 100ல 95 பேருக்கு மேல குணமாகுது, ஒதுக்கறதுக்கு இனிமே காரணமே இல்ல. ஆனாலும் மனநல டாக்டரும் வைரஸுக்கு பாக்குற டாக்டரும் பேசிக்கணும், ஏன்னா மனநிலைக்கு குடுக்குற கார்பமாசெபைன் இந்த சோஃபோஸ்புவிர் ரத்தத்துல இருக்குற அளவையே குறைச்சிடும், ரெண்டையும் சேத்துக் குடுக்கக் கூடாது. ஜெயில்ல ரெண்டு ஃபைலும் தனித்தனி இடத்துல கிடந்தா இதை யார் கண்டுபிடிக்கிறது?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மாத்திரை குடுக்கும்போது ரெண்டு கேள்வி, கடைசி ரெண்டு வாரமா மனசு சோர்வா இருக்கா, எதுலயும் விருப்பம் இல்லாம இருக்கா. அதுவும் வரிசைல எல்லார் முன்னாடியும் கேக்காம தனியா கேக்கணும், எந்த நோய்க்கு மாத்திரைன்னு பக்கத்துல நிக்கறவனுக்கு தெரிஞ்சிடுமோங்கற பயத்துலயே டோஸை விட்டவங்களை தம்பி பாத்திருக்கான்.

அவன் இப்போ வெளில வந்துட்டான், டோலுடெக்ராவிர்ங்கற வேற எச்ஐவி மருந்துக்கு மாத்திட்டாங்க, தூங்குறான். ரிலீஸ் அன்னிக்கு கைல மாத்திரையும் இல்ல, எங்க போய் வாங்கணும்னு ஒரு சீட்டும் இல்ல, நாங்களா அலைஞ்சு தான் வாங்குனோம். அடுத்த கட்டுரை அந்த ரிலீஸ் நாளைப் பத்தி எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு அக்கா